அடைமுட்டை பார்சல் அனுப்பும் பண்ணைக்காரர்களுக்கு, ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

நாமக்கல், ஈரோடு, பொள்ளாச்சி, திண்டுக்கல் பக்கங்களில் பண்ணை வைத்து, குஞ்சு பொரிக்கிற முட்டைகளைப் பெட்டி கட்டி பஸ்ஸிலும் கூரியரிலும் அனுப்பி வைக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி, தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், பாலம் தாண்டினால் பாம்பன், தங்கச்சிமடம் என்று உங்களிடம் முட்டை வாங்குகிற வீடுகள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. முட்டை பொரிக்கிற மெஷினான இன்குபேட்டர் வைத்திருக்கும் பல வீடுகளுக்கு நான் போய்வருவேன். பெட்டி வந்து இறங்கினால் டார்ச் அடித்துப் பார்க்கக் கூப்பிடுவார்கள், பொரிக்காமல் போனாலும் கூப்பிடுவார்கள். அதனால் ஒரு வீட்டுக் குறையைச் சொல்ல வரவில்லை, எல்லா வீடுகளிலும் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியை எழுதுங்கள். கத்திரி வெயிலில் அனுப்பாதீர்கள். பெட்டியை ஒழுங்காகக் கட்டுங்கள். பொரிக்கவில்லை என்று நாங்கள் போன் செய்தால், மெஷின் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடாமல், என்ன ஆனது என்று எங்களோடு சேர்ந்து பாருங்கள்.

உங்கள் ஊரிலேயே கோழி இல்லையா, எதற்கு இவ்வளவு தூரத்திலிருந்து முட்டை வாங்க வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு நாலு கோழி இங்கேயும் உண்டு. ஆனால் வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழி நோய் ஒரு தடவை தெருவுக்குள் நுழைந்தால், தடுப்பூசி போடாத வீட்டில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். மறுபடி தாய்க்கோழி சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டிலும் செத்திருக்கும், சந்தையில் வாங்கினால் அதுவும் நோயோடு வரும். சிறுவிடை, பெருவிடை, கழுத்தறுத்தான் என்று நல்ல நாட்டுக்கோழி வகை வேண்டுமென்றால் முட்டையாக வாங்கிப் பொரிப்பதுதான் மலிவு. கினிக்கோழியும் வான்கோழியும் இங்கே முட்டைக்குக் கிடைப்பதே அரிது.

அப்புறம் இன்னொரு காரணம், கடல். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. வருமானம் நின்றுவிடும், கையில் வேலையும் இருக்காது. ஓட்டை ஐஸ் பெட்டி இருந்தால் அதை எடுத்து, ஒரு பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, டபிள்யூ 1209 என்று விற்கிற சின்ன தெர்மோஸ்டாட் பலகை ஒன்று மாட்டி இன்குபேட்டர் செய்துவிடுவார்கள் எங்கள் பையன்கள். நன்றாகவே செய்கிறார்கள். சங்கத்தில் கடன் எடுத்த அக்காமார் முட்டைக்குப் பணம் போட்டுவிடுவார்கள். ஆக, வருஷத்திலேயே வெயில் உச்சத்தில் நிற்கிற ஏப்ரல், மே மாதத்தில்தான் எங்கள் ஆர்டர் உங்களுக்குக் குவிகிறது. அங்கேதான் பாதி சிக்கல் ஆரம்பமாகிறது.

முட்டைக்கு வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கோழி முட்டையிடும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கி, பல்லாயிரம் செல்களாகப் பிரிந்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்று தூங்கும். ஏறக்குறைய 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்தத் தூக்கம் கலையாது. அதனால்தான் பெரிய பண்ணைகளில் அடைமுட்டையை 15இலிருந்து 18 டிகிரி வரை குளிரூட்டிய அறையில், ஏழு நாளுக்கு மேல் போகாமல் வைக்கிறார்கள். 21க்கு மேலே போனால் கரு கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்ளும். 37.5 டிகிரி கிடைத்தால் முறையாக வளரும். 30இலும் 34இலும் கிடந்தால் வளரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் நலிந்துபோகும். ராத்திரி கொஞ்சம் குளிர்ந்து, பகலில் மறுபடி சூடாகி, இப்படி இரண்டு மூன்று நாள் ஆட்டம் போட்டால் அந்தக் கரு இன்குபேட்டருக்குள் போய் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ செத்துவிடும்.

இப்போது ஒரு பெட்டியின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் மத்தியானம் கொண்டுவந்து பார்சல் ஆபீஸில் வைக்கிறீர்கள். தகரக் கொட்டகைக்குள் சாயங்காலம் வரை கிடக்கிறது. பஸ்ஸின் டிக்கியில் ஏற்றுகிறார்கள். அது என்ஜின் சூடும் தார் ரோட்டுச் சூடும் சேர்கிற இடம். மதுரையில் வண்டி மாற்றினால் அங்கே இன்னொரு திண்ணை. பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் வந்து இறங்கும்போது விடிந்திருந்தால் புண்ணியம், இல்லையென்றால் வெயில் ஏறிவிடும். அங்கிருந்து தொண்டிக்கோ பாம்பனுக்கோ ஏர்வாடிக்கோ டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறோம். சனிக்கிழமை ஏற்றிய பெட்டி என்றால் ஞாயிறு முழுக்கப் பூட்டிய கடைக்குள் கிடந்துவிட்டு திங்கட்கிழமைதான் கைக்கு வரும்.

ஆர்டர் வருகிறதே என்று மே மாதத்தில் ஏற்றாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஜூன் பாதிக்கு மேல், இல்லையென்றால் மழை ஓய்ந்து தை, மாசியில் தருகிறேன் என்று சொன்னால் காத்திருக்கிறோம். தவிர்க்கவே முடியாமல் அனுப்பினால், கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். செவ்வாய், புதன் பார்த்து ஏற்றுங்கள். வண்டி எண்ணையும் இறங்கும் நேரத்தையும் மெசேஜ் போட்டுவிட்டால் எங்கள் ஆள் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வார்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனது அதிகம் புண்படுவது இதில்தான். திருப்பாலைக்குடியில் ஓர் அக்கா வீட்டில் பெட்டி பிரித்தபோது கூட இருந்தேன். மேலே ஒரு அட்டை, உள்ளே கசக்கிய நியூஸ் பேப்பர், அதற்குள் முட்டைகள் படுக்கையாக அடுக்கியிருந்தன. நடுவில் ஒன்று உடைந்து, மஞ்சள் கரு வழிந்து பக்கத்து முட்டைகளில் காய்ந்து ஒட்டியிருந்தது. எறும்பு ஏறியிருந்தது. டஜனுக்கு இரண்டு இலவசம் என்று எழுதிய சீட்டு இருந்தது, என்றைக்கு இட்டது என்று எதிலும் இல்லை. ஒரு முட்டையை எடுத்து அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தேன். அன்றைக்கு இட்ட முட்டையில் காற்றறை, அதாவது ஓட்டுக்குள் காற்று நிற்கிற இடம், சின்னக் காசளவு இருக்கும். இதில் முட்டையின் கால் பங்குக்கு வந்துவிட்டது. அவ்வளவு தண்ணீர் ஓடு வழியாக ஆவியாகிப் போயிருக்கிறது என்றால் பஸ்ஸில் ஏறும்போதே அது பழைய முட்டை. அடுத்ததை எடுத்தேன், காற்றறை மெல்லிசாக இருந்தது, புதுசு. அதாவது பல நாள் சேர்த்த முட்டைகளை ஒரே பெட்டியில் கலந்திருக்கிறார்கள். அந்த அக்கா போன் போட்டார். மெஷினில் வைத்துப் பாருங்க, பொரிக்கும் என்று பதில் வந்தது. பழைய முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

பென்சிலால் ஓட்டின் மேல் 12/1 என்று எழுத ஒரு நொடி ஆகுமா? மார்க்கர் வேண்டாம், மை உள்ளே இறங்கும், பென்சில் போதும். ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டையைத் தனியாக எடுத்து சமையலுக்கு விற்றுவிடுங்கள். வழியில் இரண்டு நாள் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் ஏற்றும்போது நாலு நாளுக்குள் இருந்தால் எங்கள் கைக்கு வரும்போது ஆறு நாளுக்குள் இருக்கும், ஒரு நாள் ஓய்வு கொடுத்து மெஷினில் வைத்தால் சரியாக இருக்கும். எங்கள் ஊரில் 18 டிகிரிக்குக் குளிர்ந்த அறை எந்த வீட்டிலும் இல்லை. ஈர மணல் போட்ட பானையில் வைத்தாலும், கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானை அவ்வளவு குளிராது. அதனால் வந்த முட்டையைத் தள்ளிப்போட எங்களால் முடியாது. காத்திருப்பு முழுக்க உங்கள் பக்கத்தில்தான் குறைய வேண்டும்.

காற்றறை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டுக்கு உள்ளே இரண்டு சவ்வு இருக்கிறது. அகன்ற முனையில் அந்த இரண்டும் பிரிந்து நிற்கிற இடம்தான் காற்றறை. 19ஆம் நாள், 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு தன் மூக்கால் உள்சவ்வைக் கிழித்துக்கொண்டு அந்த அறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அங்கே இருக்கிற காற்றைத்தான் முதல்முதலாக நுரையீரலால் இழுக்கிறது. அந்த மூச்சு கிடைத்த பிறகுதான் ஓட்டைக் கொத்துகிற தெம்பு அதற்கு வரும். ரோட்டில் குலுங்கி வந்த முட்டையில் சவ்வு தளர்ந்து காற்றறை இடம் மாறிவிடுகிறது. டார்ச்சை வைத்து முட்டையை மெல்லச் சாய்த்தால், கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி ஓடுகிற மாதிரி காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். பல நேரம் ஒரு பக்கம் மட்டும் சரிந்து இறங்கியிருக்கும். அப்படி வந்த முட்டையைப் படுக்கப் போட்டு உருட்டினால் போச்சு. உள்ளே முழுக்க வளர்ந்த குஞ்சு மூக்கு வைக்க இடம் கிடைக்காமல் சாகும்.

இதைக் குறைக்கத்தான் நல்ல பெட்டி கேட்கிறேன். முட்டை எப்போதும் கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நுரைத்தாளில் சுற்றி, முட்டை அளவுக்குக் குழி வெட்டிய ஃபோம் தட்டில் இறக்கினால் நல்லது. அது இல்லையென்றால் சாதாரண அட்டை ட்ரேயிலாவது நிற்க வைத்து, மேலே இன்னொரு ட்ரேயைக் கவிழ்த்து, இடைவெளி எல்லாம் பஞ்சு திணித்துக் கட்டுங்கள். உமியில் புதைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து ஊருக்கு அது போதும். முந்நூறு கிலோமீட்டர் குலுங்கினால் உமி கீழே இறங்கி முட்டைகள் ஒன்றோடொன்று உரச ஆரம்பிக்கும். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நடுவில் நாலு பக்கமும் வைக்கோலோ காகிதமோ அடைத்துவிட்டால் கீழே போட்டாலும் அடி உள்ளே போகாது. கட்டி முடித்ததும் காதுகிட்ட வைத்து மெல்ல ஆட்டுங்கள். ஏதாவது அசைகிற சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். பக்கவாட்டில் நாலைந்து சின்ன ஓட்டை போடுங்கள். பாலிதீன் போட்டு இறுக்கிச் சுற்றாதீர்கள், எங்கள் பக்கக் காற்றில் உள்ளே வேர்த்துவிடும்.

வேர்ப்பது சின்ன விஷயம் இல்லை. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. கோழி இடும்போது அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு பூசித்தான் இடுகிறது, கிருமியை அதுதான் தடுக்கிறது. பளபளப்பாகத் தெரியட்டும் என்று கழுவி அனுப்புகிற பண்ணைகளும் உண்டு. தயவுசெய்து கழுவாதீர்கள். பூச்சு போய்விடும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே சுருங்கி வெளி அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அப்படி வந்த முட்டைதான் மெஷினுக்குள் பதினைந்தாம் நாள் வாக்கில் நாறி வெடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கிறது. அழுக்கு முட்டையை அனுப்பாமல் விடுவதே மேல். முட்டையிடுகிற பெட்டியில் நாலு நாளுக்கு ஒருதரம் வைக்கோல் மாற்றினால் அழுக்கே சேராது.

இனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை சேவல் சேர்ந்தால் இரண்டு வாரம் வரைக்கும் அந்த வித்து பெட்டையின் உடம்பில் தங்கும். அதனால் சேவலை மாற்றிய மறுநாளே அசில் என்கிற சண்டைக்கோழி முட்டை என்று விற்கக்கூடாது, மூன்று வாரமாவது போகட்டும். இங்கே அசில் என்று வாங்கி, நாலு மாதம் தீனி போட்டு வளர்த்து, கலப்பு என்று தெரிந்து கறிக்கு அனுப்பியவர்கள் நிறையப் பேர். கடக்நாத் கோழிக்கறிக்கு 2018இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு என்று புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி, கறுப்பாகத் தெரிகிற எந்தக் கோழியின் முட்டையையும் விற்பது எங்களுக்கு மட்டுமில்லை, உண்மையாக அந்த இனத்தைக் காப்பாற்றுகிற பண்ணைக்காரருக்கும் செய்கிற துரோகம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலுக்குக் குறையாமல் விட்டிருக்கிறீர்களா என்பதையும் நாங்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கரு கூடியிருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு மெஷினே வேண்டாம். வாரம் ஒருதரம் ஐந்தாறு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். சேவல் சேராத முட்டையில் அது சின்னதாக, அழுத்தமான வெள்ளையாக, ஓரம் சீராக இல்லாமல் இருக்கும். சேர்ந்த முட்டையில் கொஞ்சம் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் வெளிறித் தெரியும். ஆறில் ஐந்து அப்படி இருந்தால் அந்த வாரம் விற்கலாம். உடைத்ததை ஆம்லெட் போட்டுவிடலாம், நஷ்டம் எதுவும் இல்லை. பண்ணையில் கழிச்சலோ சளியோ வந்த நேரத்தில் மட்டும் முட்டை விற்பதை நிறுத்திவிடுங்கள். சில நோய்கள் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே குஞ்சுக்கு வரும். ஒரு பெட்டி முட்டை ஒரு தெருவுக்கே நோய் கொண்டுவந்துவிடக் கூடும்.

இப்போது மெஷின் சரியில்லை என்கிற பேச்சுக்கு வருகிறேன். எங்கள் மெஷின்களில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பாசி பிடித்துக் கெடுகின்றன, மழைக்காலத்தில் கரண்ட் போகிறது. ஆனால் யார் பக்கம் குறை என்பதை ஊகிக்கத் தேவையில்லை, முட்டையே சொல்லும். 21 நாள் முடிந்து இன்னும் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, பொரிக்காத முட்டைகளை வெளியே எடுத்துப்போய் ஒவ்வொன்றாக அகன்ற முனையில் உடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாற்றமும் இல்லாமல் மஞ்சள் கரு அப்படியே இருந்தால் கூமுட்டை, சேவல் சேரவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடங்கி முதல் சில நாளிலேயே செத்திருக்கிறது. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் விட்டுவிடலாம், பாதிக்கு மேல் அப்படி இருந்தால் முட்டை பழசு, இல்லையென்றால் வழியில் சூடு தின்றிருக்கிறது. முழுக் குஞ்சாக வளர்ந்து, தண்ணீரில் ஊறின மாதிரி வீங்கி, மூக்கு காற்றறைக்குப் போகாமல் செத்திருந்தால் எங்கள் ஈரப்பதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், கூடவே காற்றறை குலைந்திருந்ததா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டைக் கொத்தியும் வெளியே வர முடியாமல் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தால் கடைசி மூன்று நாள் மூடியைத் திறந்து திறந்து பார்த்தது யார் என்று நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பிரித்துப் படம் எடுத்து அனுப்புகிறோம், நீங்கள் பாருங்கள். இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அனுப்புகிற அதே நாள் முட்டையில் ஆறேழு எடுத்து உங்கள் மெஷினிலும் வையுங்கள். உங்களிடம் பெரும்பாலும் பொரித்து எங்களிடம் பாதிகூடப் பொரிக்கவில்லை என்றால் வழியிலோ எங்கள் பக்கத்திலோ குறை. உங்களிடமும் பொரிக்கவில்லை என்றால் பேச்சே வேண்டாம். பார்சல் முட்டையில் பாதி பொரித்தால் நல்லது என்று எங்களுக்கும் தெரியும். பொரிப்புக்கு உத்தரவாதம் நாங்கள் கேட்கவில்லை, அது நியாயமும் இல்லை. முட்டை புதுசு, சேவல் சேர்ந்தது, சொன்ன இனம், இந்த மூன்றுக்கும் நீங்கள் பொறுப்பு. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்து வீடியோ அனுப்புகிறோம், உள்ளே ரத்த நரம்பு ஓடாத முட்டைக்கு மட்டும் கணக்குப் பாருங்கள்.

நீங்கள் பெட்டியோடு வைக்கிற குறிப்புச் சீட்டில் ஒரு திருத்தம் வேண்டும். மெஷினுக்குள் இரண்டு தண்ணீர்த் தட்டையும் நிரப்பி வையுங்கள் என்று அச்சடித்திருக்கிறீர்கள். உங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு அது சரி. கடலோரத்தில் அது குஞ்சைக் கொல்கிறது. கணக்கு இதுதான்: வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றே மெஷினுக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் தானாக 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதே 50, 55தான். தண்ணீரே ஊற்றாமல் கிட்டத்தட்ட வந்துவிட்டது. இதில் இரண்டு தட்டு தண்ணீர் வைத்தால் முட்டையிலிருந்து ஈரம் வெளியேறாது, காற்றறை பெரிதாகாது, கடைசியில் குஞ்சுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. கடலோர வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 45 கிராம் முட்டை என்றால் 18ஆம் நாள் 40 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். நகைக்கடைத் தராசு தேவையில்லை, ஐந்தாறு முட்டையைச் சேர்த்து சமையல்கட்டுத் தராசில் போட்டாலே தெரியும். எடை குறையவில்லை என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65, 70க்கு ஏற்றினால் போதும்.

ஈரப்பத மீட்டரை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு வழி நம் வாலிநோக்கம் உப்பிலேயே இருக்கிறது. ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, கரையாமல் சேறு மாதிரி இருக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் ஏழு குறைத்துச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சூட்டுக்கு காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முட்டை உயரத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால் போதும். ஃபேன் உள்ள மெஷினுக்கு 99.5 ஃபாரன்ஹீட், ஃபேன் இல்லாத பெட்டிக்கு முட்டையின் மேல்மட்டத்தில் 101, 102.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்யப்போவதையும் கேளுங்கள். பெட்டி வந்ததும் பிரிக்க மாட்டோம். அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று நிழலில் வைத்துப் பிறகு பிரிப்போம். கழுவ மாட்டோம், ஃபிரிட்ஜில் வைக்க மாட்டோம். அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்க வைப்போம். மெஷினில் வைத்த பிறகும், காற்றறை ஓடுகிற முட்டைகளை முதல் இரண்டு நாள் திருப்பாமல் விடுவோம். அப்புறமும் படுக்கப் போடாமல் ட்ரேயில் நின்றபடியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்போம். மற்றவற்றை ஒரு நாளைக்கு மூன்று தடவையோ ஐந்து தடவையோ, ஒற்றைப்படையில் திருப்புவோம். தினமும் ராத்திரி ஒரே பக்கம் படுக்காமல் இருக்க அதுதான் வழி. அரைமணி நேரம் கரண்ட் போனால் பதற மாட்டோம். அடைக்கோழியும் தண்ணீர் குடிக்கவும் இரை பொறுக்கவும் எழுந்து போய்த்தான் வருகிறது.

அடைக்கோழி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குலுங்கி வந்த முட்டைக்கு எந்த மெஷினையும் விட நல்ல சிறுவிடை அடைக்கோழியைத்தான் நான் நம்புவேன். எங்கள் அப்பத்தாமார் ஓலைப்பெட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் முட்டையை வைத்து, இடிக்கு முட்டை கெடாமல் இருக்கட்டும் என்று ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஓரத்தில் போட்டு அடைவைப்பார்கள். ஆனால் ஒரு கோழி பத்துப் பன்னிரண்டுக்கு மேல் அணைக்காது, நாம் கேட்கிற நேரத்தில் அடைக்கு உட்காரவும் செய்யாது. பெட்டியில் இரண்டு டஜன் வந்தால் பாதி கோழிக்கு, பாதி மெஷினுக்கு என்று பிரித்து வைக்கச் சொல்கிறேன். இரண்டையும் ஒத்துப் பார்க்கவும் அது உதவுகிறது.

பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. முட்டை என்று எழுதியிருந்தால் மேல்பக்கத்தை மேலேயே வையுங்கள், மேலே மூட்டை ஏற்றாதீர்கள், என்ஜின் பக்கத்து மூலையில் தள்ளாதீர்கள். வந்ததும் ஒரு போன் போட்டுவிட்டால் நாங்கள் ஓடி வந்து எடுத்துக்கொள்வோம். காத்திருக்கிற நேரத்தில் வாசல் வெயிலில் இல்லாமல் மேஜைக்கு அடியில் வைத்தால் போதும். பண்ணைக்காரர்கள் பெட்டியின் மேல் அகன்ற முனை மேலே என்று பெரிய எழுத்தில் எழுதி அம்புக்குறி போட்டுவிட்டால் தம்பிமாருக்கும் குழப்பம் இருக்காது.

பண்ணைக்காரர்களே, உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். தீனி விலை ஏறிக்கொண்டே போகிறது. கீரியும் நாயும் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். நல்ல தாய்க்கோழியைத் தேடிச் சேர்த்து இனத்தைக் கெடாமல் வைத்திருப்பது சாதாரணம் இல்லை. அப்படி உண்மையாகச் செய்கிற சிலர் அனுப்பிய முட்டையிலிருந்து வந்த பெருவிடைகள் இன்றைக்கு எங்கள் தெருக்களில் மேய்கின்றன. அவர்கள் பெட்டியில் தேதி இருந்தது, கட்டு சுத்தமாக இருந்தது, பொரித்ததா என்று அவர்களே போன் போட்டுக் கேட்டார்கள். கடை முட்டையை விடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிற அக்காமாருக்கு எல்லாப் பண்ணையிலிருந்தும் அது கிடைக்க வேண்டும்.

இந்த மழை ஓய்ந்ததும் தை மாதத்துக்கு இங்கே பல வீடுகள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடப் போகிறோம். சிறுவிடையும் பெருவிடையும் அதிகம், கினிக்கோழி கொஞ்சம் வேண்டும். கினிக்கோழிக்கு 26இலிருந்து 28 நாள் ஆகும் என்பதால் அதைத் தனிப் பெட்டியில் அனுப்புங்கள். தேதி எழுதி, நிற்க வைத்துக் கட்டி, செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏற்றத் தயார் என்று சொல்லும் பண்ணைக்காரர்களிடம்தான் இந்தத் தடவை பணம் கட்டுவது என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். கார்த்திகைக்குள் உங்கள் பதிலைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உச்சிப்புளிப் பக்கத்துக் கோழி வளர்ப்போர் சார்பில்
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்